வயதானவர்களும் பொட்டாசியமும்: தட்டில் கை வைப்பதற்கு முன்

என் அம்மாவுக்கு அப்போது 76 வயது. பிரஷர் கூடியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்றே கடைக்குப் போய் 'சோடியம் குறைந்தது' என்று போட்டிருந்த உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வந்தேன். கூடவே தினமும் இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு. பொட்டாசியம் பிரஷரைக் குறைக்கும் என்று படித்திருந்தேன். படித்தது உண்மைதான். ஆனால் ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் அம்மாவின் பொட்டாசியம் 5.9 என்று வந்தது; 5.0 வரைதான் சரியான அளவு. பெரிதாக எந்தத் தொந்தரவும் அவருக்குத் தெரியவில்லை. "கால்ல கொஞ்சம் பலமில்லாத மாதிரி இருக்கு" என்று மட்டும் இரண்டு முறை சொல்லியிருந்தார். அவர் பிரஷருக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டெல்மிசார்ட்டன், பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும் வகை மாத்திரை. நான் வாங்கிய உப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'பொட்டாசியம் குளோரைடு' என்று பொடி எழுத்தில் இருந்தது. இரண்டுமே எனக்கு அப்போது தெரியாது.

அதோடு முடியவில்லை. பயந்துபோய்ப் பழம், காய், பருப்பு, தயிர் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். பொட்டாசியம் இறங்கியது. மூன்று மாதத்தில் அம்மாவின் எடையும் நான்கு கிலோ இறங்கியது. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற ஆரம்பித்தார். இந்த இரண்டாவது தவறிலிருந்து மீண்டு வரத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது.

வயதான ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்குப் புதிதாக வந்திருந்தால், இந்த இரண்டு பள்ளத்திலும் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட மகன், அவ்வளவுதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்: முதலில் ரிப்போர்ட், அப்புறம் மாத்திரைப் பை, அதற்கப்புறம்தான் தட்டு.

வயதானால் என்ன மாறுகிறது

உடம்பில் இருக்கும் பொட்டாசியத்தில் சுமார் 98 சதவீதம் செல்களுக்கு உள்ளே, பெரும்பாலும் தசைகளில் இருக்கிறது. மீதி 2 சதவீதம்தான் ரத்தத்திலும் மற்ற நீர்களிலும். தசை சுருங்குவதும் நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் சீராகத் துடிப்பதும் இந்த உள்ளே வெளியே வித்தியாசத்தை நம்பித்தான் நடக்கின்றன. அதனால்தான் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு இவ்வளவு குறுகலாக இருக்கிறது. லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை சரியான அளவு. லேபுக்கு லேப் மேல் எல்லை சற்று மாறும். சில ரிப்போர்ட்டுகளில் 'மில்லி ஈக்விவலன்ட்' என்று போட்டிருக்கும். பொட்டாசியத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே எண்தான்.

சாப்பாட்டில் வரும் பொட்டாசியத்தில் 90 சதவீதம் அளவுக்குச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது. மீதி மலத்தோடு போகிறது. வயது ஏற ஏறச் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் குறைகிறது. தசையும் கரைகிறது, அதாவது பொட்டாசியத்தைச் சேர்த்துவைக்கும் கிடங்கு சின்னதாகிறது. தாகம் தெரிவதும் மங்குகிறது. நாற்பது வயதில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் உடம்பு தானே சமாளித்துக்கொள்ளும். எண்பதில் அதே இரண்டு நாள் பொட்டாசியத்தைக் கீழேயும் தள்ளலாம். சிறுநீரகம் வறண்டுபோனால் மேலேயும் தள்ளலாம்.

வயதானவர்களுக்குப் பொட்டாசியம் கெடுதல் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்கள் தினமும் குறைந்தது 3510 மில்லிகிராம் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012இல் சொன்னது. அமெரிக்க அறிவியல் கழகங்கள் 2019இல் ஆண்களுக்கு 3400, பெண்களுக்கு 2600 மில்லிகிராம் என்று வைத்தன; வயது 51ஐத் தாண்டியவர்களுக்கும் அதே அளவுதான். பசி குறைந்த, பல் போன பல பெரியவர்கள் இந்த அளவை எட்டுவதே இல்லை. ஆக, ஒரே வயதுடைய இரண்டு பேரில் ஒருவருக்குக் கூட்ட வேண்டியிருக்கும், இன்னொருவருக்குக் குறைக்க வேண்டியிருக்கும். யாருக்கு எது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது.

படி 1: ரிப்போர்ட்டில் மூன்று எண்கள்

கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), ஈ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று கணக்கிட்டுச் சொல்லும் எண்) ஆகிய மூன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பழைய ரிப்போர்ட்டுகள் இருந்தால் அவற்றையும். ஒரு எண்ணைவிட அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்பது அதிகம் சொல்லும்.

கிரியேட்டினினில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அது தசையிலிருந்து வருவது. தசை குறைந்த பெரியவருக்குச் சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் கிரியேட்டினின் 'நார்மல்' கட்டத்துக்குள்ளேயே நிற்கும். ஒரு கணக்குப் பாருங்கள். 30 வயது ஆணுக்குக் கிரியேட்டினின் 1.1 என்றால் ஈ.ஜி.எஃப்.ஆர். 90க்கு மேல் வரும். 80 வயதுப் பெண்ணுக்கு அதே 1.1 என்றால் சுமார் 50தான். ரிப்போர்ட்டில் ஈ.ஜி.எஃப்.ஆர். போடவில்லை என்றால் கணக்குப் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். 45க்குக் கீழே போகப் போகப் பொட்டாசியம் தேங்கும் வாய்ப்பு கூடிக்கொண்டே வரும். மிகவும் மெலிந்தவர்களுக்கு இந்தக் கணக்கும்கூட சிறுநீரகத்தை உள்ளதைவிட நன்றாகக் காட்டிவிடலாம். அப்போது தசையின் அளவை அவ்வளவாகச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனை உதவும்.

பொட்டாசியம் எதிர்பாராமல் கூடியிருந்தால் ரத்தம் எடுத்த விதத்தையும் கேளுங்கள். பட்டையை இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி, கிடைக்காத நரம்பில் கஷ்டப்பட்டு எடுத்த ரத்தத்தில் செல்கள் உடைந்து பொட்டாசியம் வெளியே கசிந்திருக்கும். உடம்பில் 4.6 இருக்க, குழாயில் 5.7 காட்டும். ரிப்போர்ட்டின் அடியில் 'ஹீமோலைஸ்டு' (ரத்தச் செல்கள் உடைந்திருக்கின்றன) என்று குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் திரும்ப எடுத்துப் பார்ப்பதுதான் சரி. அதற்காக, கூடுதலாக வந்த எண்ணை எல்லாம் லேப் தப்பு என்று நாமே தள்ளிவிடக் கூடாது. திரும்ப எடுப்பதை அன்றைக்கோ மறுநாளோ முடித்துவிடுங்கள்.

பொட்டாசியம் குறைவாக இருந்து, மருந்து கொடுத்தும் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டுக்கொண்டே இருக்கும்.

படி 2: மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

நிஜமாகவே கொட்டுங்கள். மேசையில் ஒரு துண்டை விரித்து, பை, டிராயர், தலையணைப் பக்கம், கைப்பை எல்லாவற்றிலும் இருக்கும் அட்டைகளையும் பாட்டில்களையும் எடுத்து வையுங்கள். நான் அப்படிச் செய்தபோது அம்மாவிடம் டாக்டர் எழுதிக்கொடுத்தது ஐந்து, அவராக வாங்கியது நான்கு என்று ஒன்பது வகை இருந்தன. முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை, 'எப்பவாவது போடுவேன்' என்றார். அட்டையில் பத்தில் எட்டுக் குழி காலி. வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

பெயர்களை எழுதி, பொட்டாசியத்தை எந்தப் பக்கம் இழுக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறியுங்கள். மருந்துக் கடையில் இருக்கும் மருந்தாளுநரே இதைச் சொல்லிவிடுவார்.

மேலே ஏற்றுபவை: 'ப்ரில்' என்று முடியும் பிரஷர் மாத்திரைகள் (எனாலாப்ரில், ராமிப்ரில்), 'சார்ட்டன்' என்று முடிபவை (லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன்), ஸ்பைரோனோலாக்டோன், அமிலோரைடு (சிறுநீரைப் பிரித்தாலும் பொட்டாசியத்தைத் தங்கவைப்பவை). ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் டிரைமெத்தோபிரிம். இந்தக் கடைசி மருந்தைப் பலர் கவனிப்பதில்லை. ஏழு நாள் ஆன்டிபயாடிக்தானே என்று நினைக்கிறோம். ஏற்கெனவே ப்ரில் அல்லது சார்ட்டன் சாப்பிடும் பெரியவருக்கு அந்த ஏழு நாளே போதும்.

கீழே இறக்குபவை: சிறுநீரை அதிகம் பிரிக்கும் மாத்திரைகளில் ஃபுரோசெமைடு, ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன். பேதி மருந்தை அளவுக்கு மீறிப் பயன்படுத்துவது. ஸ்டீராய்டு. மூச்சுத் திணறலுக்கு வைக்கும் சால்பூட்டமாலும் இன்சுலினும் பொட்டாசியத்தைத் தற்காலிகமாகச் செல்லுக்குள் தள்ளும். ஒமெப்ரசோல் போன்ற அமில மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் மக்னீசியம் குறையலாம், அதன் வழியாகப் பொட்டாசியமும். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுபவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும்: பொட்டாசியம் குறைந்தால் அந்த மருந்து விஷம்போல வேலை செய்யும்.

பட்டியலைப் பார்த்துவிட்டு நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். இவை இதயத்தையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றும் மருந்துகள். சேர்க்கைதான் சிக்கல். கனடாவின் ஒன்டாரியோவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். இதயம் பலவீனமானவர்களுக்கு ஸ்பைரோனோலாக்டோன் உயிர் காக்கிறது என்று 1999இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. உடனே ஏற்கெனவே ப்ரில் வகை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த முதியவர்கள் பலருக்கும் அது எழுதப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில், பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்த முதியவர்களின் எண்ணிக்கை அங்கே பல மடங்கு கூடியது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. மருந்து நல்ல மருந்துதான். ஆய்வில் இருந்தவர்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வெளியே எல்லாருக்கும் அந்த அளவு கவனிப்பு கிடைக்கவில்லை.

அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு, அல்லது அளவு கூட்டிய பிறகு, பொட்டாசியமும் கிரியேட்டினினும் எப்போது பார்க்க வேண்டும்?" பெரும்பாலும் ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் என்று சொல்வார்கள். தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். இரண்டாவது கேள்வி: "வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் எந்த மாத்திரையை எத்தனை நாள் நிறுத்திவைக்க வேண்டும்?" இதன் பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உடம்பில் நீர் வற்றிய நாட்களில்தான் ப்ரில், சார்ட்டன், நீர் பிரிக்கும் மாத்திரை, வலி மாத்திரை எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைச் சாய்க்கும். ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சீட்டு கையில் இருந்தால் உங்களுக்கே தைரியமாக இருக்கும்.

பொட்டாசியம் மாத்திரையே எழுதிக்கொடுத்திருந்தால்: சாப்பிட்ட பிறகு, நேராக உட்கார்ந்து, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பொடித்துக் கொடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். படுத்துக்கொண்டு அரை வாய் தண்ணீரில் விழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். திரவ மருந்து என்றால் சொன்ன அளவு தண்ணீரில் கலந்துதான்.

படி 3: உப்புப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்

சோடியம் குறைந்த உப்பு என்றால் அதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருக்கிறார்கள். இது மோசமான பொருள் இல்லை. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2025 ஜனவரியில் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தது. ஆனால் அந்தப் பரிந்துரை சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இல்லை என்று அதிலேயே சொல்லியிருக்கிறது.

அளவைப் பார்த்தால் ஏன் என்று புரியும். பொட்டாசியம் குளோரைடில் பாதிக்குக் கொஞ்சம் மேல் சுத்தப் பொட்டாசியம். கால் பங்கு கலந்த உப்பை நாளைக்கு 5 கிராம் பயன்படுத்தினால் சுமார் 650 மில்லிகிராம் கூடுதலாக உள்ளே போகிறது, ஒன்றரை வாழைப்பழம் அளவு. சில பாக்கெட்டுகளில் கலப்பு பாதிக்கு மேல் இருக்கும், சிலது முழுக்கவே பொட்டாசியம் குளோரைடு. பழத்தில் இருக்கும் பொட்டாசியம் நாருக்குள் இருந்து மெல்ல வருகிறது. உப்பில் இருப்பது உடனே உறிஞ்சப்படும். சிறுநீரகம் நன்றாக இருந்து, மேலே ஏற்றும் மாத்திரை எதுவும் இல்லாதவருக்கு இது நல்ல மாற்று. மற்றவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

'உப்புக் குறைந்தது' என்று விற்கும் சூப், பதப்படுத்திய இறைச்சி போன்றவற்றின் பட்டியலிலும் பொட்டாசியம் குளோரைடு, பொட்டாசியம் பாஸ்பேட், பொட்டாசியம் லாக்டேட் என்ற பெயர்கள் வரும். சில பாக்கெட்டுகளில் பெயருக்குப் பதில் ஈ508 என்று எண் மட்டும் இருக்கும். அதுவும் பொட்டாசியம் குளோரைடுதான்.

படி 4: மூன்று நாள் தட்டு

இப்போதுதான் சாப்பாடு. மூன்று நாளைக்கு, அதில் ஒரு நாள் விடுமுறை நாளாக இருக்கட்டும், அவர் என்ன சாப்பிட்டார் என்று எழுதுங்கள். பரிமாறியதை எழுதாதீர்கள், உள்ளே போனதை எழுதுங்கள். தட்டை எடுக்கும்போது பாருங்கள். என் அம்மாவின் தட்டில் சோறு காலியாகியிருக்கும். காய் ஓரத்தில் சப்பிப் போட்ட நாராகக் கிடக்கும். மேல் பல்செட் உரசிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. 'காய் பிடிக்கலை' என்று மட்டும் சொல்லிவந்தார். பல்செட்டைச் சரிசெய்ததும் காய் பிடித்துவிட்டது. பசியின்மை என்று எழுதிக்கொள்வதற்கு முன் வாய், பல், விழுங்குவதில் சிரமம், மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

எழுதியதை மனதில் எடைபோட சில எண்கள் உதவும், எல்லாம் தோராயமாக. ஒரு நடுத்தர வாழைப்பழம் 420 மில்லிகிராம். தோலோடு சுட்ட நடுத்தர உருளைக்கிழங்கு 900ஐத் தாண்டும். வாழைப்பழத்துக்கு இருக்கும் பெயர் உண்மையில் இதற்குத்தான் இருக்க வேண்டும். வெந்த பருப்பு ஒரு கப் 730. வெந்த கீரை அரை கப் 400. ஒரு கப் பால் 350. தக்காளி ஒன்று 290, ஆரஞ்சு ஒன்று 240. அதே ஆரஞ்சைச் சாறாகப் பிழிந்து ஒரு கப் குடித்தால் 500. உலர்ந்த திராட்சை அரை கப் 600க்கு மேல். கீழ்ப் பக்கம் பார்த்தால் ஆப்பிள் 200, முட்டை 70, சோறு ஒரு கப் 50 சொச்சம்.

டீ, பிஸ்கட், பிரெட், கொஞ்சம் சோறு என்று நாளை ஓட்டுபவர்களுக்கு 1000 மில்லிகிராம்கூட வராது என்பது இதிலிருந்து தெரியும். அவர்களுக்குக் குறைவது பொட்டாசியம் மட்டும் இல்லை. புரதம், மக்னீசியம், நார் எல்லாம் சேர்ந்தே குறையும்.

படி 5: எண்ணுக்கு ஏற்ற தட்டு

அளவு சரியாக இருந்து சிறுநீரகமும் நன்றாக இருப்பவருக்கு எந்த மாத்திரையும் பொடியும் வேண்டாம். ஒரு வேளைக்கு ஒரு காய், நாளைக்கு இரண்டு பழம், பருப்போ பயறோ ஒரு கப், பால் அல்லது தயிர். போதும்.

குறைவாக இருப்பவருக்குக் காரணம் தெரியாமல் வாழைப்பழத்தை அடுக்காதீர்கள். பெரும்பாலும் நீர் பிரிக்கும் மாத்திரைதான் காரணமாக இருக்கும். மாத்திரையின் அளவை மாற்றுவது டாக்டர் வேலை. சாப்பாட்டில் நாம் செய்யக்கூடியது: நன்றாக வெந்த பருப்பை மசித்துக் கொடுப்பது, உருளைக்கிழங்கைத் தயிரோடு பிசைந்து கொடுப்பது, காய் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சூப்பாக்குவது. இங்கே ஒரு எச்சரிக்கை. பல நாளாகக் கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டாதீர்கள். சாப்பாடு உள்ளே போனதும் சுரக்கும் இன்சுலின், ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் செல்லுக்குள் இழுத்துவிடும். ரத்தத்தில் அவை ஆபத்தான அளவுக்கு விழும். இப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவமனையில் ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் சாப்பாட்டைக் கூட்டுவார்கள்.

அதிகமாக இருப்பவருக்கு நான் செய்ததைச் செய்யாதீர்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டாமல் வரிசையாகக் குறையுங்கள். முதலில் மாற்று உப்பும் பதப்படுத்திய உணவும் போகட்டும். அடுத்து சாறும் உலர்பழமும். சாறு போனாலும் பழம் இருக்கலாம். மலச்சிக்கலைச் சரிசெய்யுங்கள், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் குடல் வழியாகப் போகும் பொட்டாசியம்தான் கைகொடுக்கிறது, அது அடைபட்டால் எண் ஏறும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் பொட்டாசியத்துக்கு உதவும். டாக்டர் மாத்திரையை மாற்றலாம், அல்லது பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்துவைக்கும் மருந்தைத் தரலாம். இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தால்தான் காய்களில் கை வைக்க வேண்டும்.

காய்களையும் அப்படியே ஒதுக்கத் தேவையில்லை. பொட்டாசியம் தண்ணீரில் கரையும். அந்தப் பெயரே அப்படி வந்ததுதான்: செடி கொடிகளை எரித்த சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, பானையில் காய்ச்சி எடுத்த உப்புக்குப் 'பானைச் சாம்பல்' என்று பொருள்படும் பெயர் இருந்தது. ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில வேதியியலாளர் 1807இல் அதிலிருந்து பிரித்தெடுத்த உலோகத்துக்குப் பொட்டாசியம் என்று பெயர் வைத்தார். நம் அடுப்பிலும் அதே வேலைதான். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சின்னச் சதுரமாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பாதி அளவு பொட்டாசியம் போய்விடும். துருவி வேகவைத்தால் இன்னும் அதிகம் போகும். ராத்திரி முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவைப்பதால் மட்டும் பெரிய பலன் இல்லை, கொதிக்க வேண்டும். ஆவியில் வேகவைத்தாலோ பொரித்தாலோ குறையாது.

புரதத்தை மட்டும் எந்த நிலையிலும் யோசிக்காமல் குறைக்காதீர்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் என்பது முதுமைச் சத்துணவு நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 72 கிராம். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இது மாறும், டாக்டர் சொல்வார். முட்டை இங்கே நல்ல துணை: ஒன்றில் 6 கிராம் புரதம், 70 மில்லிகிராம் பொட்டாசியம்தான். அம்மாவின் எடை திரும்ப ஏறியதற்குக் காலையில் சேர்த்த இரண்டு முட்டைக்கு நிறையப் பங்கு உண்டு. அதோடு தினமும் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரப் பழக்கினோம். முதல் வாரம் மூன்று முறைதான் முடிந்தது.

படி 6: மாதம் ஒரு முறை

முதல் தேதி காலையில், சாப்பிடும் முன், அதே எடைக் கருவியில் எடை பாருங்கள். முயற்சி எதுவும் செய்யாமலே மூன்று மாதத்தில் 3 கிலோ குறைந்தாலோ ஆறு மாதத்தில் 5 சதவீதம் குறைந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தசை கரைகிறது என்று சந்தேகப்படலாம். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

தண்ணீர், பால், டீ எல்லாம் சேர்த்துப் பெண்களுக்கு நாளைக்கு 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் குறைந்தபட்சம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்து டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் அளவு. தாகம் எடுத்தால் குடிப்பார் என்று விட்டுவிடாதீர்கள், எடுக்காது.

எப்போது காத்திருக்கக் கூடாது

பொட்டாசியம் 6.0 அல்லது அதற்கு மேல் என்று வந்தாலும், 3.0க்குக் கீழே வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். ராத்திரி ஆனாலும் காலைவரை தள்ளிப்போட வேண்டாம். இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார்கள். எண் தெரியாவிட்டாலும், திடீரென்று கை கால் தளர்ந்துபோவது, நாடி மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ ஓடுவது, நெஞ்சு படபடப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஏறினாலும் இறங்கினாலும் தசைத் தளர்ச்சிதான் வரும் என்பதால் எது என்று வீட்டில் ஊகித்து வாழைப்பழமோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மேலே மாத்திரைகளின் பெயரும் அளவும். நடுவில் கடைசி மூன்று பொட்டாசியம் எண்கள், ஈ.ஜி.எஃப்.ஆர்., தேதிகள். கீழே வயிற்றுப்போக்கு வந்தால் எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டர் கைப்பட எழுதியது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவோம். இப்போது அதில் கடைசியாக இருக்கும் எண் 4.7. அம்மா தினமும் பாதி வாழைப்பழம் சாப்பிடுகிறார். அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் 14ஆம் தேதி.